எதிர்க்கரைலேருந்து ஒரு நெல்லு வியாபாரி: இலங்கை வெளிநாட்டலுவல்கள் அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க.

கொழும்புல உங்க அமைச்சுல பொருளாதார ராஜதந்திரம் பாக்கற அதிகாரிங்களுக்கும், சென்னைல இருக்கற உங்க துணைத் தூதரகத்துக்கும் சேத்துதான் இதை எழுதறேன். நான் திருவாரூர் பக்கம் நெல்லு வியாபாரம் பண்றவன், சொந்தமா கொஞ்சம் நிலமும் உண்டு. வெளியுறவுக்கும் உனக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. அரிசி எங்க போகுது, எங்க தேங்குதுன்னு பாக்கறதுதான் என் பொழப்பு, டெல்லில ஒரு நோட்டிபிகேஷன் போட்டா மறுநாள் காலைல எங்க மார்க்கெட்டுல மூட்டைக்கு விலை மாறிடுது, அதனால இதெல்லாம் படிக்காம எங்களால வியாபாரம் பண்ண முடியாது.

2023 ஜூலை 20-ம் தேதி இந்தியா பாஸ்மதி இல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு தடை போட்டுச்சு. உலகம் பூரா அலறுச்சு. ஆனா ஆகஸ்ட் முடியறதுக்குள்ள பூடானுக்கு 79,000 டன், சிங்கப்பூருக்கு 50,000 டன், மொரீஷியஸுக்கு 14,000 டன்னு விதிவிலக்கு வந்துடுச்சு. அக்டோபர்ல இன்னொரு லிஸ்ட் வந்துச்சு, அதுல செஷல்ஸுக்கு 800 டன். 800 டன்னா எங்க கணக்குக்கு சுமார் 40 லாரி லோடுங்க! மொத்த ஜனத்தொகையே ஏறக்குறைய ஒரு லட்சம், அந்த நாடு தனக்கு எவ்வளவு வேணும்னு கணக்கு போட்டு, யார்கிட்ட கேக்கணுமோ அவங்ககிட்ட கேட்டு, தடை இருக்கும்போதே வாங்கிட்டு போயிடுச்சு. சின்ன நாட்டுக்கு பொருளாதார ராஜதந்திரம்னா என்னன்னு எனக்கு புரிஞ்சது அந்த 800 டன்னுலதான். கப்பல்படை கிடையாது, மிரட்ட முடியாது. என்ன பொருள், எவ்வளவு, எந்த மாசம்னு துல்லியமா கேக்கற வேலையை யாராவது ஒரு அதிகாரி உக்காந்து செஞ்சாகணும்.

உங்களுக்கு இது புதுசு ஒண்ணும் இல்ல. 2024 ஏப்ரல்ல வெங்காயத்துக்கு தடை இருந்தப்ப நீங்களே கேட்டு 10,000 டன் வாங்கினீங்க. ஈரான்கிட்ட வாங்கின எண்ணெய்க்கு 251 மில்லியன் டாலர் பாக்கி நின்னப்ப, மாசம் 5 மில்லியன் டாலருக்கு தேயிலையா தர்றோம்னு 2021-ல பேசி முடிச்சீங்க, டாலர் இல்லாத நேரத்துல அது பெரிய வேலை. அதுக்கெல்லாம் மேல 1952-ல நடந்த ரப்பர் அரிசி ஒப்பந்தம் இருக்கே. கொரியா போர் சமயம், உலகத்துல அரிசி கிடைக்கல, ரப்பர் விலை விழுந்து கிடக்கு, சீனாவோட யாரும் வியாபாரம் பண்ணக்கூடாதுன்னு அமெரிக்கா முறைக்குது. ஐ.நா. சபைலகூட அப்ப இடம் கிடைக்காத ஒரு சின்ன தீவு, வருஷத்துக்கு 50,000 டன் ரப்பர் தர்றோம் 2,70,000 டன் அரிசி குடுன்னு சீனாவோட அஞ்சு வருஷத்துக்கு கையெழுத்து போட்டுச்சு. ரப்பருக்கு மார்க்கெட்டை விட கூட விலை, அரிசிக்கு மார்க்கெட்டை விட குறைச்ச விலை. அதுக்காக அமெரிக்க உதவிய இழந்தீங்க, ஆனாலும் பின்வாங்கல. எங்க டெல்டாவுல இதை யாருக்காவது சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க.

அப்பேர்ப்பட்ட ஆளுங்க 2022-ல எப்படி அந்த நிலைமைக்கு போனீங்கன்னு நான் இங்க பேச வரல, உர தடை, வரி குறைப்பு, கடன் எல்லாம் எங்களை விட உங்களுக்கே தெரியும். ஏப்ரல் 12-ம் தேதி வெளிக்கடன் கட்ட முடியாதுன்னு அறிவிச்சீங்க. இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு கை குடுத்துச்சு, தமிழ்நாட்டுலேருந்து 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், மருந்துன்னு அறிவிச்சு கப்பல் ஏத்தினாங்க. அந்த அரிசில எங்க நெல்லும் கலந்திருக்கும்னு மில்லுல பேசிக்குவோம், பெருமைதான். ஆனா வியாபாரியா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. மூழ்கும்போது வாங்கினது உதவி. அடுத்த தடவை மூழ்காம இருக்க பேச வேண்டிய பேச்சு வேற, அது டெல்லில பெரிய ஹோட்டல் மீட்டிங்ல மட்டும் முடியாது.

என்ன சொல்ல வர்றேன்னா, குறுவையைத்தான் சொல்ல வர்றேன்.

மேட்டூர் ஜூன் 12-ல திறந்தா எங்க குறுவை அறுப்பு செப்டம்பர், அக்டோபர்ல வரும். அதுவும் மழையும் ஒண்ணா வரும். டிபிசி, அதாவது அரசாங்கத்தோட நேரடி நெல் கொள்முதல் நிலையம், அது வாசல்ல நெல்லை கொட்டி படுதா போட்டு மூடிட்டு உக்காந்திருப்போம், ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டக்கூடாதுன்னு விதி, மெஷின்ல வச்சா 20, 21-னு காட்டும், திரும்ப வெயில்ல பரப்பு, மத்தியானம் தூத்தல் போட்டா திரும்ப அள்ளு. அடியில இருக்கறது முளை விட ஆரம்பிச்சுடும், கையை உள்ள விட்டா சூடா இருக்கும். சில வருஷம் 17-க்கு மேலயும் எடுக்க டெல்லி அனுமதிச்சுது, ஆனா வருஷா வருஷம் அந்த அனுமதிக்கு காத்துக்கிடக்கறதே ஒரு வேலையா போச்சு. இந்த நெல்லுக்கு உள்ள ஒரே நல்ல வழி உடனே மில்லுக்கு கொண்டு போய் டிரையர்ல காயவச்சு புழுங்கல் போடறது. வாங்க ஆள் உறுதியா இருக்குன்னு தெரிஞ்சாத்தான் மில்காரர் அந்த டிரையருக்கு பணம் போடுவார்.

இப்ப உங்க பக்கம் பாருங்க. உங்க யால போகம், அதாவது சிறுபோகம், ஆகஸ்ட், செப்டம்பர்ல முடியுது, பெரும்போகம் பிப்ரவரி, மார்ச்லதான் வருது. நடுவுல நவம்பர் டிசம்பர் ஜனவரி இழுபறி. 2024 டிசம்பர்ல நாட்டரிசி கடைல இல்லன்னு ஆகி, இறக்குமதிய திறந்துவிட்டு, முதல்ல 20-ம் தேதி வரைக்கும்னு சொல்லி, அப்பறம் ஜனவரி 10 வரைக்கும்னு நீட்டினீங்க, கிலோவுக்கு 65 ரூபா வரியும் போட்டீங்க. அவசரத்துல வாங்கறவனுக்கு என்ன விலை சொல்லுவாங்கன்னு நான் சொல்லியா தெரியணும், நானே அந்த இடத்துல இருந்தா கூடத்தான் சொல்லுவேன். உங்களுக்கு அரிசி தட்டுப்பாடு வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் எங்ககிட்ட வாங்க ஆள் இல்லாத ஈர நெல்லு கிடக்கு, நடுவுல அறுபது கடல் மைல் சொச்சம்தான்.

அதனால ஆடி மாசமே உக்காந்து, இத்தன ஆயிரம் டன் குறுவை புழுங்கல், நவம்பர்லேருந்து ஜனவரி நடுவுக்குள்ள, இந்த ரகம், இந்த நொய் சதவீதம்னு ஒரு முன் ஒப்பந்தம் போடுங்க. டெல்லில தடை வந்தாலும் இந்த அளவு நிக்காதுங்கற ஒரு வரி அதுல இருக்கணும், பூடானும் செஷல்ஸும் தடைக்கப்பறம் கேட்டு வாங்கினத நீங்க முன்னாடியே எழுதி வாங்குங்க. இன்னொரு வரியும் இருக்கணும், அது உங்க விவசாயிக்காக. ஜனவரி நடுவுக்கப்பறம் ஒரு மூட்டை வரக்கூடாது. பெரும்போக அறுப்பு நேரத்துல எங்க அரிசி கொழும்புல இறங்கினா பொலன்னறுவைல இருக்கறவன் நெல்லு விலை விழுந்துடும், அவன் வயித்தெரிச்சல்ல நாங்க சம்பாதிக்க வேணாம். யாழ்ப்பாணத்து ஆளுங்க அவங்க மொட்டைக்கறுப்பன் அரிசியை விட்டுட்டு வரமாட்டாங்கன்னு தெரியும், நான் சொல்றது நாட்டரிசி சாப்பிடற மத்த ஊருக்கு.

ஒப்பந்தம் போட்டா மட்டும் போதாதுங்கறதுக்கும் உங்க கதையே இருக்கு. 1998-ல கையெழுத்தாகி 2000 மார்ச்ல அமலுக்கு வந்த நம்ம சுதந்திர வர்த்தக ஒப்பந்தம். அதுல நடந்தது என்ன? இந்திய கம்பெனிங்க உங்க ஊருல வந்து பாமாயில வாங்கி வனஸ்பதியாக்கி வரி இல்லாம இங்க அனுப்பினாங்க, செம்பும் அதே மாதிரி. கணக்குல உங்க ஏற்றுமதி மளமளன்னு ஏறுச்சு, எல்லாரும் ஆஹான்னாங்க. இங்க உள்ள மில்லுங்க கத்தவும் டெல்லி கோட்டா போட்டு இறுக்குச்சு, அந்த ஃபேக்டரிங்க மூடிட்டு போயிட்டாங்க. உங்க மண்ணுல விளையாத, உங்க ஜனங்க கை படாத பொருளை வச்சு ஓட்டின வண்டி அது. அதே ஒப்பந்தத்துல மிளகுக்கு வருஷம் 2,500 டன் வரி இல்லாம வரலாம், அது உங்க விவசாயி விளைவிச்சது, சண்டை சச்சரவு இருந்தாலும் அது இன்னும் நிக்குது. பூடான் சுக்கா மின்நிலையமும் இப்படித்தான், 336 மெகாவாட், இந்தியா 60 சதவீதம் மானியமா 40 சதவீதம் கடனா பணம் போட்டு கட்டி, மிச்ச கரண்டை இந்தியாவே விலைக்கு வாங்கிக்குது. ஆறு அவங்களோடது, கரண்டு வாங்கற ஆள் பக்கத்துலயே இருக்கான், கடன் அடைஞ்சுது.

நாகப்பட்டினம் பத்தி சொல்லாம விட்டா எங்க ஊர்க்காரங்க என்னை திட்டுவாங்க. ஸ்ரீவிஜய ராஜா இங்க சூளாமணிங்கற பௌத்த விகாரை கட்டினதும், ராஜராஜ சோழன் அதுக்கு ஆனைமங்கலம் கிராமத்து வருமானத்தை எழுதி வச்சதும் செப்பேட்டுலயே இருக்கு. எங்கேயோ சுமத்ரால இருந்த ஒரு வியாபார ராஜ்யம், தன் கப்பல் நிக்கற ஊர்ல தன் ஆளுங்க கும்பிட ஒரு இடத்தை கட்டி வச்சுது. டெல்டாவுல வியாபாரம் பாக்க உங்க நாட்டு ஆள் ஒருத்தர் ஒரு சின்ன ரூம்ல உக்காந்திருந்தாகூட அதே கணக்குதான்.

2023 அக்டோபர் 14-ல நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் படகு விட்டாங்க, கொஞ்ச நாள்ல மழைக்கு நின்னுது, 2024 ஆகஸ்ட் 16-லேருந்து சிவகங்கைன்னு ஒரு படகு ஓட ஆரம்பிச்சுது. காங்கேசன்துறை துறைமுகத்தை சீர் பண்ண 6 கோடியே 15 லட்சம் டாலரை இந்தியா மானியமாவே மாத்திடுச்சு. சந்தோஷம். ஒரு நாள் நாகை முனையத்துல நின்னுட்டு இருந்தேன், ஒரு யாழ்ப்பாணத்து அம்மா நாச்சியார்கோவில் குத்துவிளக்கை மரையை கழட்டி ரெண்டு துண்டாக்கி, ஒண்ணை கைப்பைலயும் ஒண்ணை சூட்கேஸ்லயும் வச்சு எடை மெஷின்ல ஏத்தி இறக்கி பாக்கறாங்க. கடைசில புடவைங்கள எடுத்து கூட வந்தவங்க பைல திணிச்சுட்டு, "மகளின்ர கலியாணத்துக்கு தம்பி, இதை விட்டுட்டுப் போகேலாது"ன்னாங்க. பயணிங்க பையில திணிக்கறத வியாபாரம்னு ஒத்துக்கிட்டு, அதுக்கு ஒரு சின்ன சரக்கு படகும், சின்ன வியாபாரிக்கு ஒரே பக்கத்துல முடியற கஸ்டம்ஸ் பேப்பரும் கேட்டு வாங்க உங்களால முடியும். உங்க பக்கத்துலேருந்து பனங்கட்டி, ஒடியல் (காஞ்ச பனங்கிழங்கு), கருவாடுன்னு வந்தா இங்க வாங்க ஆள் இருக்கு.

கருவாடுன்னதும் மீன் ஞாபகம் வரும், அதையும் மறைக்கல. எங்க நாகை, காரைக்கால் இழுவை மடி படகுங்க உங்க வடக்கு மீனவன் வலையை அறுக்குது, அது உண்மை, அவன் கோவத்துல நியாயம் இருக்கு. உங்க ஜெயில்ல இருக்கற எங்க மீனவன் வீட்டுல அடுப்பு எரியலங்கறதும் உண்மை. அதை மீனவங்களை உக்காரவச்சு பேசுங்க, ஆனா அது தீர்ற வரைக்கும் அரிசி பேச்சு காத்திருக்கணும்னு ரெண்டு ஃபைலையும் ஒண்ணா கட்டி வைக்காதீங்க.

இன்னொரு சின்ன விஷயம். எங்க ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1922-ல வந்தது, நாங்க போடற ஏடிடி நெல்லு ரகமெல்லாம் அங்கேருந்துதான். உங்க பிஜி நெல்லு ரகமெல்லாம் உங்க பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்துலேருந்து. ரெண்டு பக்கமும் கடலோர வயல்ல உப்பு ஏறுது. விதை பரிமாற்றத்துக்கு ஒரு கடுதாசி எழுத காசு ஆகாதுங்க.

நேர்ல பாக்கணும்னு தோணினா வாங்க, ஆனா தை மாசம் வராதீங்க, அப்ப பொங்கல், சம்பா அறுப்பு, எல்லாரும் சிரிச்ச முகமா இருப்போம், மாலை போட்டு காபி குடுத்து அனுப்பிடுவோம். ஐப்பசில மழைக்கு நடுவுல வாங்க. டிபிசி வாசல்ல நெல்லு கிடக்கும், மில்காரரையும் கூட்டிட்டு வர்றேன், அங்கேயே நின்னு டன்னு கணக்கும் விலையும் பேசிடலாம்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்துலேருந்து ஒரு நெல்லு வியாபாரி