தையல்காரரும் தேநீர்த் தட்டும்

செங்காங், சிங்கப்பூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. திட்டாதே. நித்யாவுக்கு என் படிப்பின் மேல் ஆசை வந்திருக்கிறது, சேர்க்கலாமா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் சொல்ல உட்கார்ந்தேன், முடியவில்லை.

முதலில் அவளிடம் ஒன்று சொல்லி வை. வாழ்நாள் முழுவதும் இது என்ன வேலை என்று விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்குபேஷனல் தெரபி என்றால் யாருக்கும் புரியாது. ஓ.டி. என்று சுருக்கினால் ஓவர்டைம் என்று நினைப்பார்கள். என் அம்மா இருபது வருடமாக உறவினர்களிடம் "ஆபரேஷன் தியேட்டர்ல வேலை" என்றே சொல்லிவருகிறார். மனநோயாளிகளோடு வேலை என்று சொல்வதைவிட அது அவருக்குக் கௌரவமாக இருக்கிறது. மனநல மருத்துவமனை 1993-லேயே புவாங்கோக்குக்கு மாறி, பெயரும் மாறிவிட்டது. ஆனாலும் அவர் வாயில் இன்னும் பழைய பெயரான 'உட்பிரிட்ஜ்'தான், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். 2016-இல் எடுத்த ஆய்வில், இங்கே ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சோர்வு, பதற்றம், குடிக்கு அடிமையாவது போன்ற ஏதோ ஒரு பாதிப்பு வருவதாகத் தெரிந்தது. போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பதினான்கு பேர் சாப்பிட்டார்கள். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். மாத்திரை கொடுப்பது டாக்டர். அந்த மனிதர் காலையில் எழுந்து குளித்து, பேருந்து ஏறி, கடையில் நாலு வார்த்தை பேசி, பணம் கொடுத்து மீதி வாங்கி வீடு திரும்ப வேண்டும் இல்லையா? அதுதான் என் பாடம். ஆனால் என்னைப் படிக்க வைத்த ஒருவரைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல நினைத்தேன். பெயர் சொல்ல மாட்டேன், விவரமும் ஒன்றிரண்டு மாற்றியிருக்கிறேன். தையல்காரர் என்று வைத்துக்கொள்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் இருபது வருடம் மெஷின் மிதித்தவர். அப்புறம் ஸ்கிட்ஸோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் வந்து, பல வருடம் வார்டிலேயே கழிந்துவிட்டது. தங்கை வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவானபோது, அவரால் எவ்வளவு சமாளிக்க முடியும் என்று பார்ப்பது என் பொறுப்பு. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. உள்ளங்கை அகலத்தில் ஒரு தோல் துண்டு, ஓரம் முழுக்க ஓட்டை, ஒரு ஊசி, ஒரு நாடா. மூன்று விதத் தையலை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து காட்டுவோம். முதலாவது சுலபம். மூன்றாவது கொஞ்சம் சிக்கலானது, நாடாவைத் திருகாமல் வளையத்துக்குள் விட்டு இழுக்க வேண்டும். புதிதாக ஒன்றைப் பார்த்து, தப்பு செய்து, தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்கிறாரா என்று கவனிப்போம். பல பேர் அந்த மூன்றாவதிலேயே நின்றுவிடுவார்கள். இவர் ஊசியை என் கையிலிருந்து வாங்கினார். நான் போட்டிருந்த தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "இழுப்பு சரியில்லைம்மா" என்று சொல்லி, பிரித்து, தானே போட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். உயர்ந்த மதிப்பெண் போட்டு, வீட்டில் சமாளிப்பார் என்று எழுதிக் கொடுத்தேன்.

தப்பு எங்கே என்று உனக்கே புரிந்திருக்கும். அவருக்கு அது புதிய வேலையே இல்லை. தையல்காரர் என்று ஃபைலில் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது, நானும் படித்திருந்தேன். படித்ததை அந்த ஊசியோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போன இரண்டாவது வாரம், கீழே உணவங்காடிக்குத் தனியாகப் போயிருக்கிறார். தேநீர் குடித்துவிட்டுத் தட்டை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் அதுதானே வழக்கம்? 2021 செப்டம்பரிலிருந்து தட்டை நாமே திருப்பி வைக்க வேண்டும், முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி (டாலர்) அபராதம் என்பதெல்லாம் அவர் வார்டில் இருந்தபோது வந்தது. ஒரு அதிகாரி நின்று, மரியாதையாகத்தான், அடையாள அட்டையைக் கேட்டிருக்கிறார். இவர் நடுங்கிப்போய் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார். மூன்று வாரம் வாசலைத் தாண்டவில்லை. தங்கை எனக்கு ஃபோன் செய்து, "நீங்கதானே சமாளிப்பார்னு சொன்னீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அப்புறம் செவ்வாயும் வியாழனும் நானே கூடப் போனேன், கூட்டம் இல்லாத பத்தரை மணிக்கு. முதல் நாள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். பிறகு ஒரு தேநீர் வாங்கி நின்றபடியே குடித்தோம். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தோம். தட்டைத் தூக்கும் நாள் வந்தபோது அவர் கை ஆடியது, கோப்பை தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது. என் கை தானாக நீண்டது, பின்னால் கட்டிக்கொண்டேன். மீனா, இந்த வேலையில் கஷ்டமானது இதுதான். செய்து கொடுத்துவிடலாம், அரை நிமிடம் ஆகாது. நான் என்னை அடக்கிக்கொண்டு நிற்கிறேன், அதற்குள் துப்புரவு செய்யும் சீனப் பாட்டி இரக்கப்பட்டு வந்து தட்டை வாங்கிக்கொண்டார்! எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "ஆன்ட்டி, தாக் அபா, பியார் தியா புவாட்" (பரவாயில்லை, அவரே செய்யட்டும்) என்று கெஞ்சினேன். அவர் என்னைக் கல்நெஞ்சக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நாலைந்து வாரத்தில் அவரே எங்களைக் கண்டதும் தட்டு வைக்கும் இடத்தை விரலால் காட்டத் தொடங்கிவிட்டார். ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு என்பதை அவர்தான் தையல்காரருக்குச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு அது சொல்லத் தோன்றியிருக்காது.

இப்போது அவர் தனியாகப் போகிறார். எல்லா நாளும் இல்லை. மழை பெய்தால் போவதில்லை, நோயால் காதில் குரல்கள் அதிகமாகக் கேட்கும் நாளிலும் போவதில்லை.

நித்யாவுக்கு வேறு என்ன சொல்ல? இங்கே வந்து படித்தால் எஸ்ஐடி என்ற பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் பட்டப்படிப்பு. நம் காலத்து நன்யாங் பாலிடெக்னிக் மூன்று வருட டிப்ளோமா போதாது. சம்பளம் மோசமில்லை, வங்கிக்குப் போன நம் தோழிகளோடு ஒப்பிட்டால் மட்டும் வயிறு எரியும். இந்தத் துறைக்கு 1917-இல் அமெரிக்காவில் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர் கட்டடக் கலைஞர், தானே நோயாளியாகப் படுத்து எழுந்தவர். அதைச் சொன்னால் அவளுக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிறது. கிரிக்கெட் பார்க்கும்போது ரிமோட்டைப் பிடுங்கும் பெண் அவள், கையைக் கட்டிக்கொண்டு நிற்பாளா என்பதுதான் என் ஒரே சந்தேகம்.

டிசம்பரில் அவளையும் கூட்டிக்கொண்டு வா. வார்டுக்குள் அழைத்துப்போக முடியாது, அந்த உணவங்காடிக்குப் போகலாம். போன முறை நீ தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாய், நான்தான் ஓடிப்போய் எடுத்து வைத்தேன். நினைவிருக்கிறதா? இந்த முறை எடுக்க மாட்டேன்டி.

அன்புடன்,
கனகா