பழைய இசையும் இரண்டு உரிமைகளும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குறும்படத்துக்குப் பழைய காலத்து வாசனையோடு வாத்திய இசை தேடும் இளைஞர்கள், ‘ராயல்டி ஃப்ரீ’ என்றால் இலவசம் என்றே நினைக்கிறார்கள். ஒருமுறை உரிமம் வாங்கினால் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டாம் என்பதே அதன் பொருள்.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய இசைத்தட்டிலிருந்து எடுத்துச் சேர்ப்பதில்தான் சிக்கல் அதிகம். நம் சட்டப்படி, 1960இல் வெளியான தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 இறுதியோடு முடிந்தது. ஆனால் மெட்டின் உரிமை தனி. இசையமைப்பாளர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். அவர் 1990இல் காலமானால் 2050 வரை அனுமதி வேண்டும். நீங்களே வீணையில் வாசித்துப் பதிந்தாலும் வேண்டும்.

தியாகராஜர் 1847இல் மறைந்தவர். அவர் கீர்த்தனையை வாசிக்க யாரிடமும் கேட்க வேண்டாம். வாசிக்கும் கலைஞரிடம் மட்டும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒலிக்கலவையில் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கூர்மையான ஒலிகளை வெட்டி, தட்டின் கரகரப்பைத் தனி டிராக்கில் மெல்லச் சேர்த்தால் அந்தக் காலம் வந்துவிடும். கரகரப்பு கூடினால் வசனம் கேட்காது.

படைப்பாளரே முன்கூட்டிப் பொது அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ‘என்டி’ (ND, மாற்றிய வடிவத்தை வெளியிடக் கூடாது) என்றிருந்தால், காட்சியோடு சேர்ப்பதும் மாற்றமே என்பதால், அப்படிச் சேர்த்து வெளியிடவே கூடாது. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

— ஒலிக்கலவைக் கலைஞர்கள் சிலர், கோடம்பாக்கம், சென்னை.