பிடிபட்டவர் கணக்கு குற்றக் கணக்கு ஆகாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில் தடுப்புக் காவல் மரணங்கள் பற்றி வந்த கட்டுரையில், "குற்றச் செயல்களில் நம்மவர்களே அதிகம் பிடிபடுகிறார்கள், காவலில் இறப்பதிலும் நம்மவர்கள் அதிகம் இருப்பது இயல்பே" என்று ஒரு வரி. வேறு மொழிப் பத்திரிகையில் வந்திருந்தால் மனம் இவ்வளவு நொந்திருக்காது. என் தகப்பனார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்திலிருந்து காசு கொடுத்து வாங்கும் பத்திரிகையில் அதைப் படித்ததுதான் பொறுக்கவில்லை.

மலேசிய மக்களில் இந்தியர்களாகிய நாம் 7 விழுக்காடுகூட இல்லை. காவலில் இறந்தவர்களில் நம் பங்கு அதைவிட எவ்வளவோ அதிகம் என்பது தாங்கள் அறியாததல்ல. எண்ணிக்கையில் மலாய்க்காரர்கள்தான் அதிகம் என்று அதிகாரிகள் தரப்பில் சொல்வதுண்டு. மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இருக்கும் சமூகத்தில் எண்ணிக்கை கூடத்தானே இருக்கும்?

உங்கள் கட்டுரையாளர் ஒரு படி மேலே போய், மக்கள்தொகையோடு ஒப்பிடக் கூடாது, கைதானவர்களோடுதான் ஒப்பிட வேண்டும் என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரைப் பிடிப்பது என்று முடிவு செய்வது யார்? போலீஸ் இனம் பார்க்கிறதா என்பதே கேள்வியாக இருக்கும்போது, போலீஸ் பிடித்த ஆட்களின் பட்டியலையே அளவுகோலாக்கினால் உண்மை எப்படி வெளிவரும்?

என் தம்பி மகன் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறான். வேலை முடிந்து வரும் வழியில் சாலைத் தடுப்பு. அதே கம்பெனிச் சட்டை போட்டு, பக்கத்திலேயே இன்னொரு மோட்டாரில் வந்த மலாய் நண்பனைக் கையசைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். இவனை மட்டும் சீட்டைத் திறக்க வைத்து, மழைக்கோட்டையும் சாப்பாட்டு டப்பாவையும் தரையில் போட்டுக் கிளறினார்கள். "எந்தக் கும்பல்?" என்று கேட்டார்கள். பிறகு சிறுநீர்ச் சோதனைக்கு நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சோதனையில் ஒன்றுமில்லை. ஆனாலும் விடியும் வரை உட்கார வைத்தே அனுப்பினார்கள். வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னது அந்த மலாய்ப் பையன்தான். போகாமல் நிலைய வாசலிலேயே காத்திருந்தான்.

அந்த இரவு எந்தப் புள்ளிவிவரத்தில் இருக்கிறது, ஐயா? நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர், ஒன்றும் சிக்காமல் விடப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்கள் என்ன இனம்? அப்படி ஒரு கணக்கு உங்கள் பத்திரிகையில் வந்ததாக எனக்கு நினைவில்லை. நியூயார்க்கில் வந்தது. 2011-இல் மட்டும் அந்நகரப் போலீஸ் 6 லட்சத்து 85 ஆயிரத்துக்கும் அதிகமான முறை ஆட்களை நிறுத்தியது. பத்தில் ஏறக்குறைய ஒன்பது முறை கைதும் இல்லை, சம்மனும் இல்லை. நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்களும் லத்தீன் இனத்தவரும். குற்றவாளிகளிலும் அவர்கள்தானே அதிகம் என்று நகர நிர்வாகம் வாதாடியது. நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் குற்றமே செய்யாதவர்களாக இருக்கும்போது, குற்றவாளிகளின் இன விகிதத்தை வைத்து அதை எப்படி நியாயப்படுத்த முடியும் என்று 2013-இல் நீதிபதி ஷைண்ட்லின் அந்த வாதத்தைத் தள்ளினார். உங்கள் கட்டுரையாளர் சொல்வதும் அதே வாதம்தான்.

குகனை மறந்துவிட்டீர்களா? கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டு, 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா காவல் நிலையத்தில் இறந்த 22 வயதுப் பையன். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்தது என்றது. குடும்பம் விடாப்பிடியாக நின்று இரண்டாவது பரிசோதனை செய்ய வைத்ததால்தான் அடித்த காயங்கள் வெளியே வந்தன. 2013-இல் உயர் நீதிமன்றம் அந்தத் தாய்க்கு 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அந்தத் தாய் அழுதுவிட்டு வீட்டோடு இருந்திருந்தால், குகனும் இன்று "நோயால் இறந்தவர்கள்" கணக்கில் ஒருவர்.

அதே 2013-இல், நாட்டில் உள்ள 40 ஆயிரம் குண்டர்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள், அவர்களைப் பிடிப்பதில் என்ன தவறு என்று உள்துறை அமைச்சராக இருந்த ஸாஹிட் ஹமிடி பேசினார். அந்த 40 ஆயிரமும் போலீஸ் எழுதிய பட்டியல். நீதிமன்றம் தீர்ப்பளித்த எண்ணிக்கை அல்ல. குண்டர் கும்பலே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது போக்கிடமில்லாமல் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்த குடும்பங்களில் பிள்ளைகள் கெட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்தக் கும்பல்களுக்குப் பயந்து கடையை மூடியவர்களும் நம்மவர்களே. அதற்காகப் போலீஸ் பட்டியலை நாமே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க 2005-இல் அரச ஆணையம் பரிந்துரைத்த சுதந்திர ஆணையம் வரவேயில்லை. அதற்குப் பதிலாக 2023-இல் செயலுக்கு வந்த ஆணையத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. அதைப் பற்றி ஒரு தலையங்கம் எழுதியிருக்கலாம்.

இன்னொன்றும் பல காலமாக மனத்தில் கிடக்கிறது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பையனை சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்புச் சட்டத்தில் பிடித்தபோது, விலங்கு மாட்டிய கைகளோடு அவன் படத்தை முதல் பக்கத்தில் போட்டீர்கள். ஜாமீன் இல்லாமல் உள்ளே கிடந்து, பிறகு நீதிமன்றம் விடுவித்தது. அதற்கு ஒரு வரி செய்திகூட இல்லை. அவன் தாயார் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. யாருடைய கைதுப் படத்தை வெளியிடுகிறீர்களோ, அவர் விடுதலையானால் அதே பக்கத்தில், அதே அளவில் அந்தச் செய்தியையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்,
கிள்ளான், சிலாங்கூர்.