ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஜாங்கோ,

ஜாஸ் கிதார் கலைஞரான உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1928-ல் நீங்கள் குடியிருந்த கேரவன் வண்டி தீப்பிடித்ததிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 18 வயதில் இடது கை மோதிர விரலும் சுண்டு விரலும் கருகி மடங்கிப் போயின. 'இரண்டு விரலிலேயே இப்படியா!' என்று வியந்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அந்த வியப்பு போதவில்லை.

மடங்கிய விரல்கள் கார்டு (chord, பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) பிடிக்கக் கொஞ்சம் உதவின. தனி வாசிப்பு முழுவதும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும்தான். அதனால் ஒரே இடத்தில் கையை வைத்துக்கொண்டு வாசிக்க முடியாது, தந்தியின் நீளத்துக்கும் கை ஓடியாக வேண்டும். கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாகச் சரசரவென்று ஏற்றும் ஆர்பெஜியோ, ஒரே விரல் வழுக்கிக்கொண்டு போகும் அரைச்சுர வரிசை எல்லாம் அந்த ஓட்டத்தில் உருவானவை. இன்று நான்கு விரலும் நன்றாக இருக்கும் பிள்ளைகள்கூட உங்கள் பாணியைப் படிக்கும்போது வேண்டுமென்றே இரண்டு விரலில் பழகுகிறார்கள். அந்த அழுத்தம் அப்படி வாசித்தால்தான் வருகிறது. பின்னால் வந்தவர்கள் உங்கள் காயத்தை இலக்கணமாகவே எடுத்துக்கொண்டார்கள்!

அப்புறம் 1934-ல் பாரிஸில் தொடங்கிய அந்த ஐவர் குழு. மூன்று கிதார், ஒரு வயலின், கீழ்ச்சுரங்கள் வாசிக்கும் ஒரு பேஸ். டிரம்ஸ் கிடையாது. உங்கள் தம்பி ஜோசப்பும் இன்னொருவரும் கிதாரிலேயே தாளத்தை வெட்டி வெட்டிப் போட, ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் வயலினுக்குச் சரிசமமாக உங்கள் கிதார் முன்னால் வந்து பாடியது. ஜாஸ் குழுக்களில் கிதார் பெரும்பாலும் பின்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1937-ன் 'மைனர் ஸ்விங்' பதிவை இப்போது கேட்டாலும் கால் தானாக ஆடுகிறது.

பர்மிங்காமில் ஒரு பையனுக்கு, தந்தியை அழுத்தும் கையின் விரல் நுனிகள் தொழிற்சாலை இயந்திரத்தில் போயின. இனி கிதார் இல்லை என்று உடைந்திருந்தவனுக்கு மேலாளர் உங்கள் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். அந்த டோனி அயோமிதான் பின்னாளில் பிளாக் சபாத் என்ற ஹெவி மெட்டல் (கனத்த ராக் இசை) குழுவின் கிதார் கலைஞர். ஜாஸுக்கு எவ்வளவோ தள்ளியிருக்கும் ஹெவி மெட்டலிலும் உங்கள் கை இருக்கிறது.

ஒரு வருத்தமும் உண்டு. உங்களைப் பின்பற்றுகிறவர்களில் பலர் உங்கள் 1930-களின் இசையிலேயே தங்கிவிடுகிறார்கள். நீங்களோ மின்கிதாரை எடுத்து, பீபாப் என்ற புதிய ஜாஸ் பாணியை உள்வாங்கி, 1953-ல் 43 வயதில் இறப்பதற்குச் சற்று முன்புகூடப் புதிதாகப் பதிவு செய்துகொண்டிருந்தீர்கள். அந்தக் கடைசிப் பதிவுகளையும் இளைஞர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அன்புடன்,
உங்கள் ரசிகன்