மஞ்சள் மூடி அடுத்த வாரம்

நண்பர்களுக்கு,

அவள், என் மனைவி, போன சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். நடந்தது என்னவென்று திரும்ப எழுதப்போவதில்லை. இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்த ஏழாவது மாடி வராந்தாவில் என்னோடு நின்றவர்கள், மீதிப் பேர் ராத்திரி இரண்டு மணிக்கும் "ஏதாவது தெரிந்ததா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டவர்கள். ஏழு வாரம். இப்போது அடுத்த அறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கஞ்சியில் உப்பு இல்லை என்று சத்தம் போடுகிறாள். உப்பைக் குறைக்கச் சொன்னது டாக்டர். திட்டு எனக்கு. திட்டட்டும், இன்னும் நாலு வருஷத்துக்குத் திட்டட்டும்.

நன்றி சொல்ல ஆரம்பித்தால் யாரையாவது விட்டுவிடுவேன் என்கிற பயத்தில் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். விட்டுப்போனவர்கள் மன்னிக்கவேண்டும். சாம்பாரும் ரசமும் இடியாப்பமும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு மணி அடிக்காமல் போனவர்கள், மகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டவர்கள், சன்ஷைன் முருகன் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்கள், என் ஷிஃப்டுகளைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு என்னிடம் அதைச் சொல்லக்கூடச் செய்யாத வேலைத் தோழர்கள், ராத்திரி நர்ஸ்கள், மதுரையிலிருந்து முதல்முறையாக விமானம் ஏறி வந்து, மெல்பர்ன் குளிரில் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு கம்பளியையும் போர்த்திக்கொண்டு என் சமையலறையை ஆண்ட அத்தை, எல்லாருக்கும். டப்பாக்களைக் கழுவி அடுக்கி வைத்திருக்கிறேன். பதினொன்று இருக்கிறது. மூடிகள் மாறியிருக்கலாம். வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்ததே குப்பைத் தொட்டிக்காகத்தான்.

மேற்கு ஃபுட்ஸ்க்ரேயில் எங்கள் தெருவுக்கு வியாழன் விடிகாலையில் லாரி வரும். புதன் ராத்திரியே தொட்டிகளை வெளியே உருட்டி வைத்துவிட வேண்டும். மஞ்சள் மூடி போட்டது காகிதம், பாட்டில் வகையறாவுக்கு. அதை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் எடுப்பார்கள். எந்த வாரம் மஞ்சள் என்று ஞாபகம் வைத்திருப்பது எங்கள் வீட்டில் அவள் பொறுப்பு. அவள் சொல்வாள், நான் உருட்டுவேன். இத்தனை வருடமும் அப்படித்தான் ஓடியது.

முதல் வாரம் சுத்தமாக மறந்துபோனேன். இரண்டாவது வியாழன் காலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து காரை நிறுத்துகிறேன், தொட்டிகள் வெளியே நிற்கின்றன, காலியாக. சரி, பக்கத்து வீட்டு வியட்நாமியப் பாட்டிதான் என்று நினைத்தேன். போய்க் கேட்டால் கையை விரித்தார். எண்பது வயதுக்காரர், அவர் தொட்டியையே பேரன் வந்துதான் உருட்டுகிறான். மூன்றாவது வாரமும் யாரோ வைத்திருந்தார்கள். ஐந்தாவது வாரம் பச்சை மூடியின் மேல் வெள்ளை டேப் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டியிருந்தது. அகலமான துணி டேப். அதில் நீலப் பேனாவால் ஆங்கிலத்தில், குழந்தைக் கையெழுத்து மாதிரி: "மஞ்சள் மூடி அடுத்த வாரம்."

உரித்துப் பார்த்தேன். பசைப் பக்கத்தில் நாலைந்து செம்பட்டை முடி ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள் வாங்கிப் பார்த்தாள், மோந்தும் பார்த்தாள். தைல வாசனை.

"அப்பா, இது ஃபுட்டி டேப். மணிக்கட்டுல சுத்துவாங்களே, அது. உரிச்சா முடியோடதான் வரும்."

ஃபுட்டி, அதாவது ஓவல் பந்தை வைத்து ஆடுகிற ஆஸ்திரேலியக் கால்பந்து, தெரியாதவர்களுக்காக இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், பார்க்லி தெருவில் இருக்கிறது விட்டன் ஓவல் மைதானம். தோசைக் கடை, மசாலாக் கடை எல்லாம் வரிசையாக இருக்கிற அதே பார்க்லி தெருதான். வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்கிற ஃபுட்டி கிளப்பின் தாய்வீடு அது. ஆண்களின் சீனியர் அணி 1997-க்குப் பிறகு அங்கே லீக் ஆட்டம் ஆடுவதில்லை; டாக்லண்ட்ஸில் கூரை மூடுகிற பெரிய ஸ்டேடியத்துக்குப் போய்விட்டது. ஓவலில் ஆடுவது பெண்கள் அணியும் ரிசர்வ்ஸும். ரிசர்வ்ஸ் என்றால், அந்த வாரம் சீனியர் அணியில் இடம் கிடைக்காதவர்கள், காயம் ஆறித் திரும்புகிறவர்கள், அப்புறம் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் பயிற்சிக்கு வருகிற பையன்கள்.

ரொம்ப நாள் இந்த அணியே கிடையாது. 2000-இல் பெரிய கிளப்புகளின் ரிசர்வ்ஸ் போட்டியைக் கொண்டுபோய் விக்டோரியா மாநில லீகோடு சேர்த்தார்கள். அப்போது பல பெரிய கிளப்புகள் ஆளுக்கொரு சின்ன கிளப்போடு கூட்டு வைத்துக்கொண்டன. புல்டாக்ஸ் முதலில் வெரிபியோடு, 2008 முதல் வில்லியம்ஸ்டவுனோடு. வாரம் முழுக்க ஒரு கோச்சிடம் பயிற்சி, வாரக்கடைசியில் இன்னொரு கோச்சின் கீழ் ஆட்டம். இவருக்குப் பையன் தடுப்பாட்டம் கற்றுக்கொள்ளவேண்டும், அவருக்கு இந்தச் சனிக்கிழமை ஜெயிக்கவேண்டும். ஒரே பெண்ணுக்கு இரண்டு மாமியார். 2014-இல் கூட்டு வேண்டாம், நம் அணியை நாமே நடத்துவோம் என்று பிரிந்து வந்தார்கள். 1996-க்குப் பிறகு கிளப் கைவிட்டிருந்த "ஃபுட்ஸ்க்ரே" என்கிற பழைய பெயரை அந்த அணிக்கு வைத்தார்கள். முதல் வருடமே கோப்பை. (மறுவருடம், 2015-இல், பிரிந்துபோன வில்லியம்ஸ்டவுனும் தன் காலில் நின்று கோப்பை வாங்கியது, அதையும் சொல்லிவிடவேண்டும். எல்லாக் கூட்டும் இப்படி நல்லபடியாகப் பிரியவில்லை. 2020-இல் கார்ல்டன் என்கிற பெரிய கிளப் விலகிக்கொண்டபோது, வடக்கே அதோடு சேர்ந்திருந்த பழைய கிளப் மூடுகிற நிலைக்கே போய், மறுவருடம்தான் எழுந்து வந்தது.)

எனக்கு இதெல்லாம் தெரிந்ததே அவளால்தான். 2016-இல் சீனியர் அணி 62 வருடம் கழித்துக் கோப்பை வாங்கியது. மேடையில் கோச் லூக் பெவரிட்ஜ், முழங்கால் காயத்தால் அந்த ஆட்டத்தில் இறங்கவே முடியாமல்போன கேப்டன் பாப் மர்ஃபியைக் கூப்பிட்டு, தனக்குக் கொடுத்த பதக்கத்தை அவர் கழுத்தில் போட்டார். ஓவல் பந்தை அதுவரை தேங்காய் என்று கிண்டல் செய்துகொண்டிருந்தவள், டிவி முன்னால் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கு அடுத்த சீசனிலிருந்து ரிசர்வ்ஸ் ஆட்டம் ஓவலில் நடந்தால் அவள் அங்கே இருப்பாள். சீனியர் ஆட்டத்துக்கு அவ்வளவாக ஆசைப்பட்டதில்லை. "அங்க எல்லாரும் இருக்காங்க. இங்கதான் ஆள் வேணும்" என்பாள்.

அவளோடு போனால் ஒரு சௌகரியம் உண்டு. முதல் கால் ஆட்டம் முடிந்ததும் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள்ளேயே போய்விடலாம். ஆட்டக்காரர்கள் வட்டமாக நிற்க, கோச் பலகையைக் காட்டிக் கத்துவதைப் பத்தடி தள்ளி நின்று கேட்கலாம். மகள் ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தைகள் கற்றுக்கொண்டதெல்லாம் அங்கேதான். காற்று மட்டும் எலும்பைத் துளைக்கும். அதற்குத்தான் இவள் இஞ்சி டீ ஒரு ஃபிளாஸ்க், முறுக்கு ஒரு தூக்கு என்று எடுத்துவருவாள். யார் பக்கத்தில் நின்றாலும் நீட்டுவாள். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். உண்மையைச் சொன்னால், இரண்டு மூன்று தடவை "எல்லாருக்கும் எதுக்கு நீட்டுறே" என்று கடிந்தும் இருக்கிறேன்.

ஆறாவது வாரம் புதன்கிழமை ஆஸ்பத்திரியில் அத்தையை விட்டுவிட்டு நான் சீக்கிரம் கிளம்பினேன். தெருவுக்குள் திரும்பும்போது மணி ஒன்பதரை இருக்கும். எங்கள் வாசலில் ஏணி கட்டிய வெள்ளை யூட் (பின்பக்கம் திறந்த சின்ன வண்டி) ஒன்று, எஞ்சினை அணைக்காமல் நின்றது. ஷார்ட்ஸ் போட்ட உயரமான ஒருவன், முழங்காலில் ஐஸ் மூட்டை கட்டியிருந்தான், ஒரு கையில் மஞ்சள், ஒரு கையில் பச்சை என்று இரண்டு தொட்டிகளையும் ஒரே நேரத்தில் உருட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான். என்னைப் பார்த்ததும் திருடப் பிடிபட்டவன் மாதிரி நின்றுவிட்டான்.

ரிசர்வ்ஸில் ஆடுகிற பையன். பெயர் போடவில்லை, போட்டால் உடை மாற்றும் அறையில் அவனை ஓட்டியே எடுத்துவிடுவார்கள். பகலில் எலெக்ட்ரீஷியன் வேலை. சீனியர் லிஸ்டில் கிடையாது. அவன் நிலைமை எப்படியென்றால், மேலே ஒரு பெரிய ஆட்டக்காரர் காயம் ஆறி ரிசர்வ்ஸ் வழியாகத் திரும்பினால், போன வாரம் எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் இவன் அந்த வாரம் வெளியே நிற்கவேண்டும். போன வருடம் அப்படி ஒரு நாள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வேலியோரம் தனியாக நின்றிருக்கிறான். இவள் போய் முறுக்கு நீட்டியிருக்கிறாள். என்ன ஏதென்று ஒன்றும் கேட்கவில்லையாம். அவன் தின்று முடித்ததும் இன்னொன்று கொடுத்தாளாம். அவ்வளவுதான் நடந்தது. அது நான் கடிந்துகொண்ட நாட்களில் ஒன்றாகக்கூட இருந்திருக்கலாம்.

இந்த சீசனில் இரண்டு ஆட்டம் தொடர்ந்து அவளைக் காணவில்லை என்றதும், வேலியோரம் தோழியின் குடும்பத்தோடு நின்ற என் மகளிடம் விசாரித்திருக்கிறான். மகள் சொல்லியிருக்கிறாள், வீடு எங்கே என்பதையும் சேர்த்து. எதற்குக் கேட்டான் என்று மகளுக்கும் தெரியவில்லை, ஏன் சொன்னோம் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

"எங்கள் வீட்டில் அம்மா படுத்திருந்தபோது, சாப்பாடு நிறைய வந்தது. குப்பைதான் நிறைந்துபோய்க் கிடந்தது. யாருக்கும் அது தோன்றவில்லை" என்றான். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தால் கையை ஆட்டித் தடுத்தான். புதன்கிழமை பயிற்சி, முடிந்து போகிற வழியில்தானே இருக்கிறது, மேட், என்றான். யூட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்குப் படுத்த பிறகுதான் உறைத்தது. அவன் வீடு மெல்ட்டன் பக்கம். எங்கள் தெரு முட்டுச்சந்து. முட்டுச்சந்து யாருக்கும் போகிற வழியில் வராது.

அந்த ஏழு வாரமும் எனக்கு வந்த உதவிகளைப் பெரிது, சிறிது என்று அளக்க நான் யார். ஆனாலும் சொல்கிறேன். சாப்பாடு வந்தபோது அழவில்லை. டாக்டர் வந்து "பயமில்லை" என்றபோதும் அழவில்லை, எதையோ தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த டேப்பைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவளிடம் காட்டியபோது, மூக்கில் குழாயோடு அவள் அதை மெல்ல வாசித்துவிட்டு, "இந்த வாரம் மஞ்சளா? வெச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். அப்போதுதான் வெளியே வராந்தாவுக்கு ஓடினேன்.

எங்களை யாரென்றே தெரியாத சிலர், நாங்கள் இந்தத் தெருவுக்கு வருவதற்கு முன்னாலேயே, ஏதோ ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து, ரிசர்வ்ஸை வீட்டுக்குக் கொண்டுவருவோம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். செலவு அதிகம், ஆள் அதிகம், கோச் தனி, தன்னார்வலர்கள் தனி. கணக்குப் பார்த்தால் கூட்டு லாபமாகவே தெரிந்திருக்கும். அப்படியே விட்டிருந்தால் இந்தப் பையன் வில்லியம்ஸ்டவுனில் கடலோரம் யாருக்கோ ஆடிக்கொண்டிருப்பான், இல்லையென்றால் எங்குமே ஆடாமல் ஏணியும் வயருமாக வீட்டுக்குப் போயிருப்பான். அந்தக் கூட்டத்தில் கை தூக்கியவர்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு, அவர்களுக்கு அது தெரியாவிட்டாலும்.

கிளப்புக்கு ஆங்கிலத்தில் நாலு வரி அனுப்பினேன். மரியாதையாக இருந்தது, அவ்வளவுதான். நான் சொல்லவந்தது அதில் ஏறவில்லை. அதனால்தான் இது, தமிழில். மகள் அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்வாளாம். கெட்ட வார்த்தை சேர்க்காமல் சொன்னால் சரி.

சீசன் முடிய இன்னும் சில ஆட்டங்கள் இருக்கின்றன. டாக்டர் விட்டால் கடைசி ஆட்டத்துக்கு அவளைக் காரிலேயே உட்காரவைத்தாவது கூட்டிப்போவேன். அதுவரை ஃபிளாஸ்க்கும் தூக்கும் என் பொறுப்பு. யார் பக்கத்தில் நின்றாலும் நீட்டுவேன். ரிசர்வ்ஸுக்குத் தன்னார்வலராகவும் பெயர் கொடுத்திருக்கிறேன். கூடாரம் கட்டுவதோ தண்ணீர் தூக்குவதோ, எது சொன்னாலும் செய்கிறேன் என்று.

நேற்று புதன்கிழமை. எட்டு மணிக்கே நானாகத் தொட்டிகளை உருட்டி வெளியே வைத்துவிட்டேன். அத்தை சுட்ட முறுக்கை ஒரு டப்பாவில் போட்டு, அதே மாதிரி வெள்ளை டேப் வாங்கி வந்து "இது உனக்கு, வேலை முடிந்தது" என்று எழுதி ஒட்டி, கேட்டில் தொங்கவிட்டேன். காலையில் டப்பா இல்லை. தொட்டியின் கைப்பிடி வீட்டைப் பார்த்து இருக்கவேண்டும், அப்போதுதான் லாரி சரியாகத் தூக்கும். நான் இத்தனை வருடமாகத் தெருவைப் பார்த்தே வைத்திருக்கிறேன் போல. இரண்டையும் திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தான்.