பெரியப்பா இன்னும் தூங்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஒரே இரவில் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. அப்புறம் அதிகாரிகள் வந்து மரங்களைக் கணக்கெடுத்தார்கள், நிவாரணம் கொடுத்தார்கள். அந்த இரவைப் பார்த்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எங்கள் வீட்டுக்கு இன்றுவரை யாரும் வந்து கேட்கவில்லை.

என் பெரியப்பா ஐப்பசி பிறந்துவிட்டால் சரியாகத் தூங்குவதில்லை. காற்று கொஞ்சம் வேகமெடுத்தாலே எழுந்து திண்ணைக்கு வந்துவிடுவார். கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, புழுக்கமா இருக்கு" என்பார். எங்கள் ஊரில் தென்னங்கன்றைப் பிள்ளை என்றுதான் சொல்வோம். நெட்டை ரகம் காய்ப்புக்கு வரவே ஆறேழு வருடம் ஆகும். அறுபதைத் தாண்டிய பிறகு அவர் மறுபடி குழி வெட்டிப் பிள்ளை வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரியப்பா போன்றவர்கள் தாமாகப் போன் செய்யமாட்டார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். மழைக்காலத்தில் அவர்கள், "ராத்திரி தூக்கம் வருதா?" என்றும் கேட்கட்டும். தேவைப்படுபவர்களை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பட்டும். சுகாதாரத் துறை இதை இந்த ஐப்பசிக்கு முன்பே தொடங்க வேண்டும்.

ஒரு வாசகர்,
பேராவூரணி.