ரேங்க் கார்டுகளைத் தேடச் சொன்ன அம்மையாருக்கு நன்றி

மனநலப் புறநோயாளிப் பிரிவின் வரிசையில் மகனுடன் காத்திருந்த, பெயர் தெரியாத அம்மையாருக்கு இந்த நன்றி. பெரியவர்களுக்கும் ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு) இருக்குமா என்று நான் தயங்கியபோது, மருத்துவர் சிறுவயதைப் பற்றிக் கட்டாயம் கேட்பார் என்றும், பழைய ரேங்க் கார்டுகள் இருந்தால் எடுத்து வருவது நல்லது என்றும் அவர்தான் சொன்னார்.

அது எவ்வளவு சரியான யோசனை என்பது பிறகே விளங்கியது. 2013-இல் வெளிவந்த, மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய உதவும் கையேடான டிஎஸ்எம்-5-இன் வரையறையின்படி, 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கவனக்குறைவிலோ மிகைச் செயல்பாட்டிலோ குறைந்தது 5 அறிகுறிகள் போதும் என்றாலும், 12 வயதுக்கு முன்பே பல அறிகுறிகள் தென்பட்டிருக்க வேண்டும். "கெட்டிக்காரன், ஆனால் கவனம் இல்லை" என்று வெவ்வேறு ஆசிரியர்கள் எழுதியிருந்த குறிப்புகள் (அவற்றுக்காக வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை) மருத்துவருக்குப் பெரிதும் உதவின. மின்கட்டணத்தை மறப்பதையும் தொடங்கிய வேலையைப் பாதியில் விடுவதையும் சோம்பல் என்றே எண்ணியிருந்த எனக்கு, கவனத்தை நெறிப்படுத்தும் மூளைப்பணிகள் வேறுவிதமாக இயங்குவதும் அதற்குக் காரணமாகலாம் என்று அறிந்தது பெரும் ஆறுதல்.

ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து மருத்துவரின் சீட்டு இன்றிக் கிடைக்காது என்பதால், மாத்திரை தீருமுன்பே கைப்பேசியில் நினைவூட்டல் வைக்குமாறும் அந்த அம்மையார் சொல்லியிருந்தார். அதையும் கடைப்பிடித்து வருகிறேன், அம்மா.